நிறுத்துவதா, தாமதப்படுத்துவதா? மெதுவாகத் திறக்கும் கணினிக்கு எந்த வழி பொருந்தும்

கணினி திறக்க நேரமெடுக்கிறது, எந்தெந்தச் சேவைகளை (திரைக்குப் பின்னால் ஓடும் நிரல்களை) நிறுத்தினால் வேகம் கூடும்? ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கொமினிகேஷன் கடைக்காரர்களும், கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய பழைய மடிகணினியை வைத்துக்கொண்டு உயர்தரத்துக்குப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். சேவைகளை நிறுத்துவது இருக்கும் வழிகளில் ஒன்று மட்டுமே என்பதும், அதுவே முதலில் கைவைக்க வேண்டிய வழி அல்ல என்பதும் என் முடிவு.

வின்டோஸில் ஒரு சேவைக்கு நான்கு நிலைகள் உண்டு: தானியங்கி, தாமதத் தானியங்கி, கைமுறை, முடக்கம். இவற்றுள் கைமுறை என்பது யாரோ வந்து அழுத்தும்வரை காத்திருப்பதன்று. வேறொரு நிரல் கேட்டாலோ, குறித்த நிகழ்வு நேர்ந்தாலோ அந்தச் சேவை தானாக எழும். மைக்ரோசொஃப்டின் சொந்தச் சேவைகளில் பெரும்பங்கு ஏற்கெனவே இந்த நிலையில்தான் இருக்கிறது என்பதால், தேவை வராதவரை இயங்காத அவற்றை முடக்கிப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்த முடியாது. முடக்கம் மட்டுமே கதவை முழுதாகப் பூட்டுகிறது. தேவை வந்தாலும் சேவை எழாது. அதை நம்பியிருக்கும் மற்றச் சேவைகளும் எழமாட்டா.

நகரத்துக் கடையொன்றில் யாரோ சொன்ன பட்டியலைப் பின்பற்றி அச்சுப்பொறிக்கு வேலைகளை வரிசையாக அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை முடக்கிவிட்டார்கள். கணினி திறக்கும் வேகத்தில் வேறுபாடே தெரியவில்லை. விண்ணப்பம் அச்செடுக்க மலையிறங்கி வந்தவர்கள் வரிசையில் நிற்க, அச்சுப்பொறியோ அசையவில்லை; ஒரு நாள் வருமானம் போனது. முடக்குவதற்கு முன் அந்தச் சேவையின் பண்புகளில் உள்ள சார்புகள் பகுதியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதனோடு ஒப்பிட்டால், வின்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த தாமதத் தானியங்கி நிலை மிகவும் பக்குவமானது. சாதாரணத் தானியங்கிச் சேவைகள் தொடங்கி முடிந்த பின், இயல்பாக 120 செக்கன் பொறுத்து, அப்போதும் குறைந்த முன்னுரிமையிலேயே சேவை தொடங்குகிறது. அச்சுப்பொறி நிறுவனம் போட்டுச் சென்ற புதுப்பிப்புச் சேவை, கைபேசியை இணைக்கும் மென்பொருளின் சேவை போன்றவற்றுக்கு இதையே பரிந்துரைப்பேன்: ஒன்றும் கெடுவதில்லை, திரை வந்த முதல் நிமிட நெரிசல் மட்டும் தளர்கிறது. எனினும் வன்தட்டு பழையதாக இருந்தால், நெரிசல் இரண்டு நிமிடம் தள்ளிப்போகுமே தவிர மறையாது.

கருவிகளுள், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் தொடக்கப் பகுதியைத்தான் முதலில் திறக்க வேண்டும். அது காட்டுவது சேவைகளை அல்ல, நாம் உள்நுழைந்தவுடன் ஓடிவரும் நிரல்களை. உண்மையான தாமதம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு செக்கனுக்கு மேல் செயலியையோ (சிபியு) 3 மெகாபைட்டுக்கு மேல் வட்டையோ பிடித்துக்கொள்ளும் நிரலின் எதிரே தாக்கம் அதிகம் என்று எழுதியிருக்கும். அவற்றை நிறுத்தினாலும் நிரல் அழிவதில்லை, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். வின்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக், மைக்ரோசொஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் பார்க்க வசதி தருவதால் கோளாறு தேடுவதற்கு நல்லது. ஆனால் அதன் தொடக்க அமைப்பில் செயலிகளின் எண்ணிக்கையைக் குறித்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை தவறு. கணினி இயல்பாகவே செயலியின் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது, அந்த எண் குறைக்க மட்டுமே உதவும். ஓட்டோரன்ஸ் என்ற மைக்ரோசொஃப்ட் கருவி இவை எல்லாவற்றையும் விட ஆழமாக, திட்டமிட்ட பணிகள், வன்பொருள் இயக்கிகள் வரை காட்டும். அந்த ஆழத்தின் காரணமாகவே பழக்கமில்லாதவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வின்டோஸ் 8இலிருந்து வரும் விரைவுத் தொடக்கம் இந்த ஒப்பீட்டையே மாற்றிவிடுகிறது. கணினியை அணைக்கும்போது அது இயங்குதளத்தின் மையப் பகுதியையும் அதனோடு சேவைகளையும் உறங்கவைத்து வட்டில் எழுதி, மறுநாள் அப்படியே எழுப்புகிறது. ஆகவே அது இயங்கும் கணினியில் சேவைகளைக் குறைத்ததன் பயன் அணைத்துத் திறந்தால் சரியாகத் தெரியாது, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும் மறுதொடக்கம் (ரீஸ்டார்ட்) செய்தால்தான் தெரியும். மலையகத்தில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. மழைக்காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் திடீரென நின்றால், பற்றரி இல்லாத மேசைக்கணினி எதையும் வட்டில் எழுதாமல் அணைந்துவிடும். அடுத்த தொடக்கம் முழுத் தொடக்கமாகவே இருக்கும். மின்வெட்டு அடிக்கடி வரும் தோட்டங்களில் விரைவுத் தொடக்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாததற்கு இதுவே காரணம்.

செலவு பிடிக்கும் வழி ஒன்றே: வன்தட்டுக்குப் பதிலாகச் சுழலாத சேமிப்பகமான எஸ்எஸ்டி. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டில் சிதறிக்கிடக்கும் ஒவ்வொரு கோப்பையும் தேடி எடுக்கப் பத்து மில்லிசெக்கனுக்கு மேல் ஆகிறது. எஸ்எஸ்டியில் அது ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கன். தொடக்கத்தின்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு வாசிப்புகள் நடப்பதால், சேவைகளை எவ்வளவு நறுக்கினாலும் இந்த வித்தியாசத்தை எட்ட முடிவதில்லை. அந்தப் பணத்தைப் புரட்டுவது எல்லா வீட்டுக்கும் எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே பிள்ளைகளிடம் முதலில் தொடக்க நிரல்களைக் குறைக்கவும், பிறகு வெளியார் சேவைகளைத் தாமதப்படுத்தவும் சொல்கிறேன்.

எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து பார்க்க வேண்டும். வின்டோஸ் குறித்துவைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் டயக்னொஸ்டிக்ஸ் பெர்ஃபோமன்ஸ் பதிவைத் திறந்தால், 100ஆம் இலக்க நிகழ்வு தொடக்கம் எடுத்த மொத்த நேரத்தை மில்லிசெக்கனில் சொல்லும். தாமதித்த நிரலை 101உம், தாமதித்த சேவையை 103உம் பெயரோடு காட்டிக்கொடுக்கும். அந்தப் பெயர் கைக்கு வந்த பிறகு, எந்தச் சேவையை நிறுத்துவது என்று வெளியே பட்டியல் தேட வேண்டியதில்லை.