திருநகரில் ஏழு மழைக்காலம், ஒரு மோடம்

2000 முதல் 2007 வரை மதுரை திருநகரில், வீட்டு முன்னறையில் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் வேலை செய்துவந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர் என்று தயாராகும் பக்கங்கள் சிவகாசி அச்சகத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஆள் அனுப்பினால் அரை நாள் போய்விடும் என்பதால் டயல்-அப் இணைப்பையே, அதாவது தொலைபேசி லைனில் எண்ணைச் சுழற்றி மோடம் என்ற கருவி வழியே இணையத்தில் சேர்வதையே நம்பியிருந்தேன். வினாடிக்கு 28,800 பிட் வேகத்தில் 1 எம்.பி. கோப்பு போய்ச் சேர ஐந்தரை நிமிடம் ஆகும். ஐந்தாவது நிமிடத்தில் இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அப்போது வரும் வயிற்றெரிச்சலை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

முதலில் இருந்தது கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டை மோடம். பெரிய படமுள்ள பக்கத்தை பிரிண்டருக்குக் கொடுத்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். அந்த வகை மலிவு மோடங்கள் தம் வேலையில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரின் பிராசஸர் தலையிலேயே கட்டுகின்றன என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. டவுன்ஹால் ரோட்டில் அலைந்து, கம்ப்யூட்டரின் பின்னாலுள்ள சீரியல் போர்ட் என்ற துளையில் மாட்டும் தனி மோடம் ஒன்றை வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் பாதித் தொல்லை அன்றோடு ஒழிந்தது. முன்பக்க விளக்குகளும் பெரிய உதவி. மறுமுனையின் ஒலி கிடைப்பதைக் காட்டும் சி.டி. (கேரியர் டிடெக்ட்) விளக்கு எரியும்வரை மறுமுனை நம்மோடு இருக்கிறது. அது அணைந்தால் திரையைப் பார்த்துக் காத்திருப்பது வீண்.

பெட்டியில் 56கே, அதாவது வினாடிக்கு 56,000 பிட் என்று போட்டிருந்தாலும் என் வீட்டில் 45,333-ஐ அது தாண்டியதே இல்லை. அனுப்பும் திசையில், வி.90 என்ற 56கே முறையில் இயங்கும் மோடத்தின் உச்சமே 33,600தான். இதில் மோடத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஐப்பசி மழை பிடித்தால் எண் 26,400-க்கு இறங்கும். வி.90 முறையில் பேச முடியாமல் மோடம் அதைவிட மெதுவான பழைய வி.34 முறைக்குப் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். முதல் இரண்டு மழைக்காலத்தில் நான் மோடத்தைத் திட்டினேன், விண்டோஸை மறுபடி நிறுவினேன். கோளாறு இரண்டிலும் இல்லை.

மழை நாளில் தொலைபேசியை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்திவிட்டுக் காதைக் கொடுத்துப் பாருங்கள். டயல் டோன் நின்றுவிடும். அதன்பின் லைன் நிசப்தமாக இருக்க வேண்டும். எனக்கு மணலில் செருப்பு தேய்வதுபோல் கரகரவென்று கேட்டது. தொலைபேசி அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது "நெட் வரவில்லை" என்று சொன்னால் கம்ப்யூட்டரைப் பாருங்கள் என்று திருப்பிவிடுவார்கள். "பேசும்போது இரைச்சல்" என்று சொல்லுங்கள், ஆள் வருவார். எனக்கும் அப்படித்தான் வந்தார்.

"அண்ணே, வீட்டுக்குள் ஒன்றுமில்லை. ஓட்டு விளிம்பைப் பார்ப்போம்" என்று ஏணியைச் சாய்த்தார். கம்பத்திலிருந்து வரும் வயரும் வீட்டு வயரும் சேரும் இடத்தில் கறுப்பு டேப் உரிந்து தொங்கியது. அதைப் பிரித்ததும் உள்ளே செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டியது. களிம்பேறிய நுனிகளை வெட்டிவிட்டு, புதிதாகச் சுரண்டிய கம்பியை முறுக்கி டேப் சுற்றினார். பிறகு, இணைப்புக்குக் கீழே வயர் ஒரு வளையமாகத் தொங்கும்படி விட்டார். தண்ணீர் இணைப்பில் தங்காமல் அந்த வளையத்திலேயே சொட்டிவிடும். அன்று மாலை அதே மழையில் 44,000 கிடைத்தது. நான் செலவழித்த எந்த ரூபாயும் இவ்வளவு பலன் தந்ததில்லை.

அடுத்த தலைவலி, போனை எடுத்தால் டயல் டோன் கேட்கும்போதே திரையில் '680, டயல் டோன் இல்லை' என்று வருவது. நம் ஊர் டயல் டோன் 400 ஹெர்ட்ஸில் அதிர்ந்து ஒலிப்பது. அமெரிக்காவில் 350-ம் 440-ம் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஊர் ஒலியை எதிர்பார்க்கும் மோடம் நம்முடையதை அடையாளம் காணாமல் விழிக்கும். மோடம் அமைப்பில், டயல் டோனுக்குக் காத்திருக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அல்லது அதே அமைப்பில், டயல் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றச் சொல்லும் ஏ.டி.எக்ஸ்3 (ATX3) என்பதைக் கூடுதல் கட்டளையாகக் கொடுங்கள். என் மோடத்தில் அதன்பின் 680 வரவேயில்லை.

உள்ளறையில் இன்னொரு தொலைபேசி இருந்தது. அத்தை மேலூரில் இருக்கும் தங்கையோடு பேச ரிசீவரை எடுத்தால் இங்கே சிவகாசிக் கோப்பு போச்சு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அது அவர் வீட்டுப் போன். வெளியிலிருந்து வரும் லைனை நேராக மோடத்துக்குக் கொடுத்து, மோடத்தின் பின்னாலுள்ள போன் துளையிலிருந்து உள்ளறைக்கு வயர் இழுத்தேன். மோடம் இணைப்பில் இருக்கும்வரை உள்ளறைப் போன் உயிரற்றுக் கிடக்கும். அதனால் அவசரமில்லாத கோப்புகளை இரவு பத்து மணிக்குமேல் அனுப்பப் பழகினேன்.

மற்றொரு அழைப்பு வரும்போது கேட்கும் 'பீப்' ஒலியும் இணைப்பை அறுக்கும். அந்த வசதியை எழுதிக்கொடுத்து நீக்கிவிட்டேன். நீக்க விரும்பாதவர்கள் மோடத்துக்குள் பதிந்திருக்கும் எஸ்10 (S10) என்ற மதிப்பை மாற்றிப் பார்க்கலாம். மறுமுனை ஒலி எவ்வளவு நேரம் மறைந்தால் மோடம் துண்டிக்கும் என்பதை அது சொல்கிறது. அலகு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. என் மோடத்தில் ஆலையிலிருந்து 14 என்று வந்திருந்தது, அதாவது 1.4 வினாடி. நான் 50 ஆக்கினேன்.

இடி இடித்தால் போன் வயர், அடாப்டர் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். மின்சார சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மின்னல் போன் வயர் வழியாகவும் வரும். அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நண்பரின் மோடத்தைத் திறந்தபோது வந்த கருகல் வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது.

2007-இல் பிராட்பேண்ட் வந்தது, அதே செம்புக் கம்பியில். அந்த ஐப்பசியில் ஒரு நாள் புது மோடத்தின் இணைப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. புகார் எண்ணைத் தேடவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு ஓட்டு விளிம்புக்குப் போனேன். டேப் உரிந்திருந்தது.