1,850 பவுண்டு போச்சு: நார்தம்பிரியன் ஸ்மால்பைப் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. நியூகாசிலில் மூன்று வருடமாக இரவல் ஸ்மால்பைப்பில்தான் கற்றுக்கொள்கிறேன். அது ஒரு பைவாத்தியம் (பேக்பைப்). வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கு அடியில் துருத்தி வைத்துக் காற்று அடிக்கிற வாத்தியம். சொந்தமாக ஒன்று வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்தது 1,850 பவுண்டு.

ஆர்டர் எடுத்துச் செய்து தரும் ஒரு ஆன்லைன் வாத்தியக் கடை. அந்த ஆள் வீடியோ காலில் முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். கீ (கூடுதல் சுரத் துளையைத் திறந்து மூடும் உலோக நெம்பு) இல்லாத குழலில் ஜி என்ற மேற்கத்திய சுரத்தில் தொடங்கி ஒரே ஸ்தாயிதான், அதனால் கீழே டி, ஈ, எஃப் ஷார்ப், மேலே ஏ, பி, நடுவில் சி ஷார்ப், டி ஷார்ப் என்று ஏழு கீ கேட்டேன். ஈ மைனர் மெட்டு வாசித்தால் டி ஷார்ப் கண்டிப்பாக வேண்டும் என்று அவரே சொன்னார். விஷயம் தெரிந்தவர் என்று அங்கேதான் நம்பிவிட்டேன். அன்று மாலையே அவர் வங்கிக் கணக்குக்கு 1,850 பவுண்டையும் அனுப்பினேன்.

பெட்டி வந்தது, பித்தளை கீ ஏழும் பளபளவென்று இருந்தன. டி ஷார்ப்பை அமுக்கினேன், அந்தச் சுரமே வரவில்லை. தூக்கிய பேடுக்கு (கீயின் முனையில் துளையை மூடும் மெத்தைக்கு) அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் துளையே இல்லை, வெறும் மரம்! சி ஷார்ப்பும் அப்படியே. கீழ் ஈ-யில் துளை இருக்கிறது, பேட் உட்காரவில்லை. இந்தக் குழலின் அடிமுனை அடைத்திருக்கும், எல்லா விரலையும் மூடினால் நிசப்தம் வர வேண்டும், இந்த வாத்தியத்தின் அழகே அதுதான். இதுவோ மூடினாலும் கீச்சென்று கத்துகிறது.

கேட்டால் முதலில் ரீட் (குழலுக்குள் அதிர்ந்து சத்தம் தரும் நாக்கு) பழகட்டும் என்றார், அப்புறம் என் விரல் சரியாக மூடவில்லையாம். துளையில்லாத மரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் கஸ்டம் ஆர்டர், திருப்பி எடுக்க முடியாது என்று ஒரே வரி. இப்போது போனே எடுப்பதில்லை. கஸ்டம் ஆர்டராக இருந்தாலும் பழுதான பொருளை பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாமாம். ரீட், விரல் என்று இழுத்தடித்ததில் எனக்கு அந்த 30 நாளும் போய்விட்டது.

எந்த கீ வைக்கலாம், எதை விடலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இன்று முடியவில்லை. கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. கீ வரிசையை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு கீயையும் உங்கள் முன்னால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையில் வந்த அன்றே பேடுக்கு அடியில் பாருங்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 1,850 பவுண்டு!