வைரத்தை அறுக்க பிளேடா, லேசரா?

எண்முக வடிவில் கிடைக்கும் கச்சா வைரத்தை முழுசாகப் பட்டை தீட்டினால் பாதிக்கு மேல் பொடியாகத்தான் போகும். அதனால் நடுவிலோ, சற்று மேலேயோ குறுக்காக அறுத்து, ஒரு பெரிய வட்டக் கல், ஒரு சிறிய வட்டக் கல் என இரண்டு எடுப்பார்கள். சூரத்தில் இந்த வேலை பெரும்பாலும் பிளேடிலிருந்து லேசருக்கு மாறிவிட்டது. காரணம் கேட்டால் வேகம் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் லேசர் ஜெயித்தது திசையில்.

பிளேடு என்பது பாஸ்பர் வெண்கலத்தில் செய்த வட்டத் தகடு. தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; சின்னக் கல்லுக்கு இன்னும் மெல்லிசு. விளிம்பில் எண்ணெயில் குழைத்த வைரப் பொடி பூசியிருக்கும். அறுப்பது தகடு அல்ல, அந்தப் பொடிதான். வைரத்தின் கடினம் திசைக்குத் திசை மாறும். பொடியின் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், அவற்றில் சிலவற்றின் கடினமான முகம் கல்லின் மென்மையான திசையைத் தொடும். இதனால்தான் பிளேடுக்கு நார், அதாவது கல்லுக்குள் படிகம் அமைந்திருக்கும் திசை, முக்கியம். நார் திசையிலிருந்து சில டிகிரி விலகினாலே வேகம் சரியும், தகடு வளையும். கல்லுக்குள் வேறு திசையில் வளர்ந்த முடிச்சு இருந்தால் (சூரத்தில் ‘நாட்’ என்பார்கள்) தகடு அங்கே முட்டி ஒதுங்கிப் போகும். அறுத்த முகத்தில் ஒரு மேடு நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பது எடை நஷ்டம். நல்ல கல்லாக இருந்தாலும் ஒரு காரட்டுக்குப் பல மணி நேரம் ஆகும். ஒரே ஆள் வரிசையாகப் பல இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதால்தான் கட்டுப்படியாகிறது.

லேசருக்கு நாரும் தெரியாது, முடிச்சும் தெரியாது. எந்தக் கோணத்திலும் வெட்டும். கல்லை ஸ்கேன் செய்து மென்பொருள் போடும் திட்டம் சாய்வான வெட்டு கேட்டால், பிளேடால் முடியாது, லேசரால் முடியும். ஒரு காரட் எல்லையைத் தொடுவதும் 0.97-இல் நிற்பதும் விலையில் பெரிய வித்தியாசம் என்பதால் இந்தச் சுதந்திரம்தான் பணம்.

இனி லேசரின் பலவீனம். கணக்கே போட்டுப் பார்க்கலாம். 2 காரட் சீரான எண்முகத்தின் பக்கம் சுமார் 6.2 மி.மீ. நடுவில் குறுக்கு வெட்டுப் பரப்பு ஏறக்குறைய 38.7 சதுர மி.மீ. அங்கே 0.1 மி.மீ. தடிமன் போனால் சுமார் 0.07 காரட் காலி. பிளேடு தன் தடிமனைவிடச் சற்றே அதிகமாகத் தின்னும், அதோடு சரி. லேசர் வெட்டோ மேலே அகலம், கீழே குறுகல். மேல்வாய் 0.2 மி.மீ. என்றால் ஆவியாவது சராசரி 0.1தான், ஆனால் இரண்டு முகமும் சாய்ந்து நிற்பதால் சமன்படுத்தும்போது மீதியும் போய்விடும். இரு பக்கமிருந்தும் வெட்டினால் ஓரளவு மிச்சம். தலைமுடி அளவு நீர்த்தாரைக்குள் லேசரைச் செலுத்தும் சுவிட்சர்லாந்தின் சினோவா முறை இந்தச் சாய்வைத் தவிர்க்கிறது, கல்லையும் குளிர்விக்கிறது. பெரிய கல்லுக்கு அது பொருந்தும். பொடிக் கல்லுக்கு அத்தனை செலவு தேவையில்லை.

அடுத்தது சூடு. உள்ளழுத்தம் உள்ள கல், விரிசலுக்கு அருகே வாயுவோ தாதுவோ அடைபட்ட கல், இவை சூட்டில் பிளக்கும். பழைய 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைவிட 532 நானோமீட்டர் பச்சை லேசர் இதில் பாதுகாப்பு; ஆனாலும் குறுக்கு-போலராய்டில் (உள்ளழுத்தத்தைக் காட்டும், குறுக்காக வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகள்) பார்க்காமல் ஏற்றக்கூடாது. பிளேடின் அதிர்வும் இந்த இடத்தில் நல்லதல்ல. 599 காரட் சென்டினரி வைரத்தில் விரிசல் பகுதிகளை வைரம் தீட்டும் நிபுணர் காபி டோல்கோவ்ஸ்கி லேசரோ ரம்பமோ தொடாமல் கையாலேயே 154 நாள் தேய்த்து எடுத்ததற்குச் சூடும் அதிர்வும்தான் காரணம். 1991-இல் தீட்டி முடித்தபோது கிடைத்தது 273.85 காரட்.

மூன்றாவது வழி, உளியால் தட்டிப் பிளப்பது. அதில் எடை நஷ்டம் ஏறக்குறைய கிடையாது. ஆனால் பிளந்த முகம் எண்முகத் தளம் (எண்முகத்தின் முகங்களுக்கு இணையான தளம்), வைரத்திலேயே கடினமான திசை. சில டிகிரி சாய்க்காமல் அதைச் சாணையில் மெருகேற்றவே முடியாது.

லேசர்காரர்கள் மறப்பது இதைத்தான். எந்தக் கோணத்திலும் வெட்டலாம், ஆனால் மெருகேற்றும் வார்ப்பிரும்புச் சாணையில் ஓடுவதும் அதே வைரப் பொடிதான், அது நார் பார்க்கும். மென்பொருள் காட்டும் அதிக எடைக்கு ஆசைப்பட்டு டேபிளை (கல்லின் உச்சியில் வரும் பெரிய தட்டை முகம்) எண்முகத் தளத்துக்கு அருகில் வைத்தால், வெட்டு அரை மணியில் முடியும். ஆனால் டேபிளில் மெருகு ஏறாமல் சாணை நாள் கணக்கில் தேயும், கல் சூடாகும், முகத்தில் கோடு விழும். அதனால் திட்டம் போடும்போதே நார்க் கோணத்தையும் பதிய வேண்டும். இன்னொன்று: லேசர் முகம் கிராஃபைட் படிந்து கறுப்பாக வரும். அமிலத்தில் காய்ச்சி, சன்னல் போல ஒரு சின்ன முகம் தீட்டிய பிறகே உள்ளே பார்க்கலாம். பிளேடு அறுத்த முகத்தில் லூப்பை (கைப் பூதக்கண்ணாடி) வைத்தால் அப்போதே உள்ளே இருக்கும் கறை தெரியும். அடுத்த வெட்டு அந்தக் கறையைப் பொறுத்தது என்றால், முதல் வெட்டுக்குப் பிளேடே மேல்.