டேட் பிரிட்டன் ஓவியப் பார்வை அறை: சூனியத்துக்கு முன் சாயத்தைப் பாருங்கள்

லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் தாளோவியங்களை மேசையில் வைத்துப் பார்க்க ஓர் அறை உண்டு. முன்பதிவு கட்டாயம், கட்டணம் இல்லை. விக்டோரியா கால நீர்வண்ணங்களில் கனவும் மாயமும் தேடுபவர்கள் கணினித் திரையை மூடிவிட்டு இங்கே போகலாம். வண்ணம் தாளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது திரையில் தெரியாது. படத்தின் பாதி அர்த்தம் அதில்தான் இருக்கிறது.

ஆங்கில ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 1860-இல் தீட்டிய 'சிடோனியா ஃபான் போர்க்' உயரத்தில் 33 செ.மீ., அகலத்தில் 17 செ.மீ.தான். சூனியக்காரியின் படம், ஆனால் பேயோ பூதமோ கிடையாது. பாம்பு போலப் பின்னிப் பிணையும் உடைக்கோலமே மிரட்டுகிறது. அது ஓவியர் கனவில் கண்ட வடிவமும் இல்லை, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலுள்ள, இத்தாலிய ஓவியர் ஜூலியோ ரோமானோ தீட்டிய உருவப்படத்திலிருந்து எடுத்தது. இதன் ஜோடிப்படமான 'கிளாரா ஃபான் போர்க்'கையும் சேர்த்தே கேளுங்கள். கிளாராவின் கையில் பறவைக் குஞ்சுகள், அருகே அவற்றைக் குறிவைக்கும் கறுப்புப் பூனை. அது சிடோனியாவின் ஏவல் பூனை என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் உறைக்கும்.

பலர் சறுக்குவது நிறத்தில். அவுரி நீலமும் செங்காவியும் கலந்த சாம்பல் வானத்தில், வெளிச்சம் பட்டுப்பட்டு அவுரி வெளுத்துவிடும், சிவப்பு தங்கிவிடும். 1888-இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் தந்த அறிக்கை சாயங்கள் இப்படி வெளுப்பதைச் சோதனையோடு காட்டியது. அந்தச் செவ்வானத்தை 'அமானுஷ்ய அந்தி' என்று எழுதினால் வேடிக்கைதான். அட்டைச் சட்டத்தின் கீழ் மறைந்திருந்த ஓரத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். பழைய நிறம் அங்கே பிழைத்திருக்கும். தேவதை முகம் கறுத்திருந்தால் ஈய வெள்ளையைச் சந்தேகியுங்கள், காற்றிலுள்ள கந்தகம் பட்டால் அது கறுக்கும். வண்ணம் தயாரிக்கும் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் 1834-இல் கொண்டுவந்த துத்தநாக வெள்ளை அப்படிக் கறுக்காது.

குறை என்றால், கேட்ட படம் காட்சியிலோ இரவலிலோ இருந்தால் மேசைக்கு வராது. முன்பதிவின்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். பத்து மடங்கு கைலென்ஸ் கொண்டுபோகலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒரே வேளையில் பத்துப் படம் கேட்பது வீண். மூன்று போதும், அதில் ஒன்று, ஓவியர் ரொசெட்டி 1856-இல் இத்தாலியக் கவி தாந்தேயை வைத்துத் தீட்டிய 'தாந்தேயின் கனவு' ஆக இருக்கட்டும்.