ஒரே லிங்கில் பலரிடம் மின்கையொப்பம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

லிங்க் அனுப்பிக் கையெழுத்து வாங்குவதில் இரண்டு வகை உண்டு. ஆளுக்கொரு லிங்க் அவரவர் மின்னஞ்சலுக்குப் போவது ஒன்று. எல்லாருக்கும் ஒரே பொது லிங்க் இன்னொன்று. பாதிக் குழப்பம் இந்த வேறுபாடு தெரியாததால்தான் வருகிறது. பொது லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஐந்து பேரும் ஒரே தாளில் கையெழுத்திடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் திறக்கிற ஒவ்வொருவருக்கும் புதுப் பிரதி உருவாகும். ஒற்றைக் கையெழுத்தோடு ஐந்து பிடிஎஃப் வந்து நிற்கும். ஒப்புதல் படிவத்துக்கு அது போதும். இருவர் சேர்ந்து போடும் ஒப்பந்தத்துக்குத் தனி லிங்க்தான் சரி.

பொது லிங்கில் பெயரையும் மின்னஞ்சலையும் திறப்பவரே தட்டுகிறார். ஆகவே அனுப்புபவர் மின்னஞ்சல் சரிபார்ப்பையோ ஓடிபியையோ கட்டாயமாக்க வேண்டும். அது இல்லாமல் வந்த கையெழுத்தை முக்கியமான எதற்கும் நம்பமாட்டேன். சில சேவைகளில், கையெழுத்திட்ட பிறகு மின்னஞ்சலுக்கு வரும் உறுதிப்படுத்தும் லிங்கையும் அழுத்தினால்தான் அந்தக் கையெழுத்து ஏற்கப்படும். “போட்டுட்டேனே, இன்னும் வரலையா?” என்று யாராவது கேட்டால் முதலில் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போனில் லிங்கைத் தொட்டால் சில நேரம் அரட்டைச் செயலிக்குள்ளேயே பக்கம் திறக்கும். ஓடிபி பார்க்க வெளியே போய்த் திரும்பினால் நிரப்பியது அழிந்திருக்கலாம், டவுன்லோடும் மக்கர் செய்யும். மூன்று புள்ளி மெனுவில் குரோம் அல்லது சஃபாரிக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். விரலால் வரைவதென்றால் போனைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். பெயரைத் தட்டிக் கையெழுத்தாக்கும் வசதியில் தமிழ் எழுத்து சில சமயம் வெறும் கட்டமாக விழும், அங்கே எழுத்துரு ஆங்கிலத்துக்கு மட்டுமே இருக்கும். அப்போது வரைந்துவிடுவதே நல்லது.

புதிதாகத் திறந்த லிங்க் “காலாவதி” என்கிறதா? ஒருமுறை மட்டுமே திறக்கும் லிங்காக இருந்தால், அலுவலக மின்னஞ்சலின் பாதுகாப்பு மென்பொருள் சோதனைக்காக முன்பே திறந்திருக்கக்கூடும். வேறு முகவரிக்குக் கேட்டு வாங்குங்கள்.

முடிந்ததும் இறுதிப் பிடிஎஃபையும் தணிக்கைப் பதிவையும் உடனே இறக்கி வையுங்கள். யார், எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து என்பது அந்தப் பதிவில் இருக்கும். நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் இந்தியத் தேதிக்கு ஒரு நாள் முந்தித் தெரியலாம், பிழையல்ல. சேவை டிஜிட்டல் முத்திரையிட்ட பிடிஎஃபை மறுபடி ‘பிரிண்ட்’ கொடுத்துப் பிடிஎஃப் ஆக்குவது, சுருக்குவது, இன்னொன்றோடு இணைப்பது எதையும் செய்யக் கூடாது. முத்திரை கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, சார்ந்தது. உள்ளடக்கம் மாறினால் சரிபார்ப்பு தோற்கும், பிரிண்ட் கொடுத்த பிரதியிலோ முத்திரையே இருக்காது. வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், ஸ்கிரீன்ஷாட் உதவாது.

பெயரிலோ தொகையிலோ பிழை இருந்தால் கையெழுத்திடாமல் ‘மறு’ (Decline) பொத்தானை அழுத்திக் காரணம் எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்திட்ட பிறகு தெரிந்தால் அந்தக் கோப்பைத் தொடாமல், திருத்தியதைப் புது லிங்கில் வரவழைத்து மறுபடி எல்லாரும் கையெழுத்திட வேண்டும்.