பி.எஸ்சி.யா, கவுன்சலிங் பி.இ.யா? உதவித்தொகையை நம்பிச் சேர்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த பிள்ளை. கட்‑ஆஃப் நடுத்தரம். எந்தத் துறை என்று இன்னும் முடிவில்லை. வீட்டில் சேமிப்பும் இல்லை. தமிழ்நாட்டில் இந்த நிலையில் இருப்பவர் முன்னால் வழக்கமாக மூன்று வாய்ப்புகள் இருக்கும்: பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு பி.இ., தொலைவில் உள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரி. நாலாவதாக, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 'ஸ்காலர்ஷிப்' என்று சொல்லி அனுப்பும் கடிதமும் வந்து சேரும்.

பலரும் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுகிறார்கள். அது பாதிக் கணக்குதான். எந்த மாதத்தில் யார் கையிலிருந்து பணம் போகிறது, நடுவில் மனம் மாறினால் அந்த உதவி கூடவே வருமா என்பதுதான் மீதிக் கணக்கு.

முதலில் அரசு கலைக் கல்லூரி. விண்ணப்பக் கட்டணமே ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால் மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. பொறியியலுக்கும் இது உண்டு. ஆனால் கலைக் கல்லூரியில் இந்தப் பணமே பேருந்து, புத்தகச் செலவைத் தாண்டி மிஞ்சும். பொறியியலில் அது பேருந்துக்கே போதாது.

முடிவெடுக்காதவர் இங்கே சேர்ந்தால் கணிதத்தைக் கைவிடாமல் இருப்பது முக்கியம். பி.எஸ்சி. கணிதம், அல்லது கணிதம் துணைப்பாடமாக உள்ள இயற்பியல் எடுத்தால் எம்.எஸ்சி., டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.சி.ஏ., பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. என்று பல வாசல்கள் திறந்திருக்கும். 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதிப்பதால், கணினித் துறை பிடிக்குமா என்று பார்க்க விரும்புகிறவர் ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். படிப்பையும் கூடவே தொடங்கலாம்.

பி.எஸ்சி. முடித்து இரண்டாம் ஆண்டு பி.இ.யில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. இந்தக் கடைசி வாசலைத்தான் பலர் தப்பாக நம்புகிறார்கள். சேரலாம், ஆனால் உதவி கூடவே வராது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஒரே நிலையில் இரண்டாவது படிப்புக்குக் கிடையாது. ஒரு இளநிலைப் பட்டம் முடித்தபின் இன்னொரு இளநிலைக்குப் போனால் நின்றுவிடும், எம்.எஸ்சி., எம்.சி.ஏ. போன்ற முதுநிலைக்குத் தொடரும். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்குக் கிடைக்கும் முதல் பட்டதாரிச் சலுகையையும் அப்போது கேட்க முடியாது. அவரே பட்டதாரி ஆகிவிட்டாரே!

அடுத்தது சுயநிதிக் கல்லூரி, அரசு ஒதுக்கீடு. 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது, தரச்சான்று இல்லாத பாடத்துக்கு ஆண்டுக்கு 50,000, உள்ளதற்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000. முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் வழிச் சேர்க்கையில் 25,000 கழியும். 55,000 ரூபாய் இடத்துக்குக் கையிலிருந்து 30,000. நாலு ஆண்டுக்கு 1,20,000. விடுதியும் பேருந்தும் இந்தத் தொகைக்குள் வராது. கல்லூரிப் பேருந்துக்கு ஆண்டுக்கு 25,000 என்று வைத்தாலே இன்னொரு லட்சம் சேர்ந்துவிடும். 'பிளேஸ்மென்ட் பயிற்சி' என்று தனி ரசீது போடும் இடங்களும் உண்டு. சேரும் முன் நாலு ஆண்டுக்கான எல்லாத் தலைப்புகளையும் தாளில் எழுதிக் கேளுங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. 'நிர்வாக ஒதுக்கீட்டிலும் வாங்கித் தருகிறோம்' என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2018 முதல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை.

பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கு இதே இடத்தின் கணக்கே வேறு. அரசு ஒதுக்கீட்டில் வந்தால் கட்டாயக் கட்டணம் முழுவதும் உதவித்தொகையில் அடங்கும். சிக்கல் நேரத்தில்தான். பணம் இப்போது மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்கு வருகிறது, அதுவும் கல்லூரி தொடங்கிப் பல மாதம் கழித்து. அதற்குள் அலுவலகம் 'முதலில் கட்டுங்கள், வந்ததும் சரிசெய்கிறோம்' என்று கேட்கும். பள்ளியில் படிக்கும்போது திறந்த மைனர் கணக்கு பதினெட்டு வயதில் கேஒய்சி புதுப்பிக்காததால் முடங்கிக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. ஜூன் மாதமே வங்கிக்குப் போய் அதைச் சரிசெய்து, ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மாணவிகளுக்கு இன்னொன்று: தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரும் பிரகதி உதவித்தொகை, ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. வேறு அரசு உதவித்தொகையோடு இதைச் சேர்த்து வாங்க முடியாது. எது பெரிதோ அதைப் பிடியுங்கள்.

மூன்றாவது, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரிகள். கட்டணம் குறைவு. நடுத்தரக் கட்‑ஆஃபுக்குப் பெரும்பாலும் கேட்ட கிளை வராது, வீட்டைவிட்டும் போக வேண்டும். இங்கே ஏமாற்றுவது கிளைப் பெயருக்குப் பின்னால் வரும் 'எஸ்.எஸ்.' என்ற இரண்டு எழுத்து. புகழ்பெற்ற அரசு உதவி பெறும் கல்லூரியிலும், அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களிலும்கூட சில பாடங்கள் சுயநிதியில் நடக்கின்றன. கல்லூரிப் பெயரைப் பார்த்து 'அரசுக் கட்டணம்' என்று நினைத்துக் கவுன்சலிங் விருப்பப் பட்டியலில் போட்டால், ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகுதான் விழிப்போம். கிளைக் குறியீட்டைப் பார்த்துப் பட்டியலிடுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிற அரசுப் பள்ளி மாணவருக்கு இந்த ஒப்பீடே தலைகீழாகிவிடும். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. அதனால் தொலைவு பயமில்லை. நல்ல கல்லூரியாகப் பார்த்துப் போகலாம். ஒதுக்கீட்டு ஆணையில் அந்தப் பிரிவு அச்சாகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பொதுப் பிரிவில் வந்த இடத்தைப் பெருமைக்காக எடுத்தால் இந்தச் சலுகை கைநழுவும்.

மீதியைக் கடனில் அடைக்க நினைத்தால் மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிஎம் வித்யாலட்சுமியின் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன்தான். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தரச்சான்று பெற்ற இடத்தில் தொழிற்கல்வி படிப்பவருக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. பாதியில் படிப்பை நிறுத்தினால் அந்த மானியம் போய்விடும். துறை பிடிக்குமா என்றே தெரியாதவருக்கு இந்த ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. கிளை மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பியும் பி.இ. சேராதீர்கள், கிடைப்பது அரிது.

ஆகவே 7.5 சதவீதத்திலோ போஸ்ட் மெட்ரிக்கிலோ வருபவர், பொறியியலில் கொஞ்சமாவது நாட்டம் இருந்தால், இப்போதே பி.இ. எடுப்பது நல்லது. அந்த உதவி பிறகு திரும்பி வராது. இரண்டும் இல்லாமல் முதல் பட்டதாரிச் சலுகையும் கடனும் மட்டுமே துணை, துறையும் தெரியவில்லை என்றால், கணிதத்தோடு பி.எஸ்சி. போய் எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்சி.யில் திரும்புவது குறைந்த செலவு. தப்பானாலும் கடன் மிஞ்சாது. உறுதியாகப் பொறியியல்தான் என்பவருக்கு இந்த வழி வேண்டாம்.

நிகர்நிலைக் கடிதத்துக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தள்ளுபடி முதல் ஆண்டுக்கு மட்டுமா, ஒரு அரியர் விழுந்தால் நிற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வாய்மொழியாகவே வந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.

கலைக் கல்லூரியில் ஜூனில் சேர்ந்துவிட்டு, பொறியியல் ஆணை வந்ததும் மாறுவதில் நஷ்டம் சில ஆயிரம்தான். தனியார் இடத்திலிருந்து விலகும்போது தேதி முக்கியம். யுஜிசியின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னால் விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுப்பணமும், அதற்குப் பிந்தினால் 90 சதவீதமும், கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50 சதவீதமும் திரும்ப வரும். அதன்பின் ஒன்றுமில்லை. விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.