மலையக மழைக்கு வீட்டு வானிலை நிலையம்: திருத்திய பின் ஒரு மதிப்பீடு

ஹட்டன் பகுதியில் என் வீட்டு முற்றத்தில் பொருத்தியிருக்கும் வானிலை நிலையத்தை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வெப்பநிலையும் காற்றும் அறிய விரும்பினால் தயக்கமின்றி வாங்கலாம் என்றும், மழையை அளப்பதே நோக்கமென்றால் பொருத்துவதற்கு முன்பே மழைமானியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்வேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவுக்குப் பிறகு, மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்கு மழையின் அளவு உயிரோடு தொடர்புடைய செய்தியாகிவிட்டது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேறுதல் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்கும் நிலைகளை மனத்தில் வைத்துப் பார்த்தால், 110 மில்லிமீற்றர் மழையை 60 என்று காட்டும் கருவி முற்றாக நின்றுபோன கருவியைவிட ஆபத்தானது.

என் கருவிக்கு நேர்ந்ததும் அதுவே. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், அருகிலுள்ள தோட்டத் தொழிற்சாலையில் காலைதோறும் குறித்துவைக்கும் மழை அளவைவிட என் திரையில் தெரிந்த அளவு மிகக் குறைவாக இருந்தது. ஒரு மலை தாண்டினாலே மழை மாறுவது இங்கு வழமைதான்; ஆனால் எல்லா நாளும் குறைவாகவே காட்டுவதற்கு மழை காரணமாக இருக்க முடியாது. வெப்பநிலையும் காற்றின் வேகமும் தடையின்றி வந்துகொண்டிருந்ததால் பெற்றரியிலோ வானலைத் தொடர்பிலோ பிழையில்லை என்பது தெளிவாயிற்று.

இவ்வகை மழைமானியில் புனலுக்குக் கீழே இரண்டு சிறு கிண்ணங்கள் ஓர் அச்சில் மாறிமாறிச் சாய்கின்றன. ஒவ்வொரு சாய்வும் 0.3 மில்லிமீற்றர் மழை. சாயும்போது கிண்ணத்தில் பதித்த காந்தம், கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ரீட் சுவிட்சைக் கணநேரம் மூடித் திறக்கிறது; அந்த மூடல்களையே கருவி எண்ணுகிறது. ஆகவே குறை புனலில் இருக்கலாம், கிண்ணத்தில் இருக்கலாம், சுவிட்சில் இருக்கலாம். பாசியும் சருகும் சிலந்திவலையும் அடைத்திருந்த புனலைக் கழுவியும் பலன் கிடைக்கவில்லை.

மூன்றையும் பிரித்தறிய ஒரு போத்தல் தண்ணீர் போதும். என் புனலின் வாய்ப் பரப்பு 100 சதுர சென்ரிமீற்றர்; அதில் 10 மில்லிலீற்றர் விழுந்தால் அது 1 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். 200 மில்லிலீற்றரை அடியில் ஊசித்துளையிட்ட தகரப்பேணி வழியாகச் சொட்டுச்சொட்டாக விட்டால் 20 மில்லிமீற்றரை ஒட்டிய அளவு தெரிய வேண்டும். (வேகமாக ஊற்றினால் கிண்ணம் சாயும் இடைவெளியில் நீர் வீணாகிக் கணக்குக் குறையும், கடும் மழையிலும் இதே குறை சிறிதளவு நேரும்.) கிண்ணம் சாயும் ஓசையை எண்ணியபோது 65 கிடைத்தது, திரையிலோ 11.1 மில்லிமீற்றர், அதாவது 37 சாய்வுகள் மட்டுமே. கிண்ணம் ஒழுங்காகவே வேலை செய்திருக்கிறது, சுவிட்ச்தான் பலவற்றைத் தவறவிட்டிருக்கிறது. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தபோதும் அதுவே உறுதியாயிற்று. கழற்றினால், சுவிட்சின் கால்கள் பச்சை நிறமாக அரித்துப் போயிருந்தன. மாதக்கணக்கில் மூடுபனியும் ஈரமும் சூழும் ஊரில், ஈயம் வைத்த இடங்களுக்குப் பாதுகாப்புப் பூச்சு எதுவும் இல்லாமல் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விற்றவர்கள் உதிரிப்பாகம் இல்லை, வெளிப்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஹட்டன் நகரில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் ஒருவர் அதே அளவுள்ள ரீட் சுவிட்சை மாற்றி, இணைப்புகளுக்கு மேல் ஈரம் புகாத பூச்சும் பூசித் தந்தார். கண்ணாடி விரிசல் விடாதபடி கால்களைக் குறட்டால் பிடித்துக்கொண்டு வளைத்த அவருடைய கவனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதன்பின் அதே 200 மில்லிலீற்றருக்குக் கருவி 19.5 காட்டியது, தொழிற்சாலை அளவோடும் இப்போது நெருங்கி நிற்கிறது.

மற்ற அளவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வளியமுக்கம் 870 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டினால் பதற வேண்டாம். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் அதுவே உண்மையான அமுக்கம், கடல்மட்ட அளவு வேண்டுமென்றால் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஈரப்பதன் நாள்தோறும் 99 வீதத்திலேயே நின்றால், உணரியை ஈரமாகக் குழைத்த கறியுப்போடு மூடிய பாத்திரத்தில் ஓரிரவு வைத்துப் பாருங்கள். அங்கே 75 வீதத்தை ஒட்டிக் காட்டினால் உணரி நன்றாக உள்ளது, மூடுபனிதான் காரணம்.

அளவீட்டுத் திறனுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். ஈரத்தைத் தாங்கும் தன்மைக்கும் விற்பனைக்குப் பிந்திய சேவைக்கும் மிகக் குறைவாகவே தருவேன். வாங்கும்போது மழைமானியின் அடிப்பகுதி திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கிறதா, ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டப்பட்டதை வாங்காதீர்கள், திருகாணி உள்ளதென்றால், பண்டாரவளையிலோ நாவலப்பிட்டியிலோ உள்ள எந்த இலத்திரனியல் திருத்துநரும் இந்த வேலையைச் செய்து தருவார்.